சிஸ்டர் மார்ஷின் கடைசிப் பால்

ஜெனலி அக்காவின் கல்யாணத்தன்று அப்பா உள்ளே உட்காருவாரா, வெளியே புல்தரையில் நிற்பாரா என்பதுதான் அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி. காரணம் பால். அதுவும் எங்கள் வீட்டுப் பால் இல்லை. நூற்று எண்பது வருஷத்துக்கு முன்னால் மிசூரியில் யாரோ கறந்த பால்.

அப்பா பெயர் தெயின் ஒட்டசன். பள்ளத்தாக்கின் வடக்குப் பாதியில் கேஸ் லாரி ஓட்டுகிறார். வீட்டுக்கு வீடு, பண்ணைக்குப் பண்ணை போய் வெளியே நிற்கிற பெரிய தொட்டிகளில் கேஸ் நிரப்பிவிட்டு வருவார். குழாயை மாட்டிவிட்டால் தொட்டி நிரம்புகிறவரை சும்மா நிற்க வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் அந்த நேரத்தில் போனில் பேஸ்பால் பார்ப்பார்கள். அப்பா சபை வரலாறு படிப்பார். அவருடைய மொத்தக் கெட்ட பழக்கமும் அதுதான்.

பத்தொன்பது வயதில் எங்கள் சபைப் பையன்கள் எல்லாரையும் போல இரண்டு வருஷம், வீடு வீடாகப் போய்ச் சபைக்கு ஆள் சேர்க்கிற ஊழியத்துக்குப் போனார். அவருக்கு விழுந்த நாடு ஃபின்லாந்து. இரண்டு வருஷக் குளிரில் ஒரே ஒரு பெண்மணிதான் ஞானஸ்நானம் எடுத்தார், அவரும் எங்கள் சபையில் விலக்கான காபியை விட முடியாமல் அடுத்த மாதமே நின்றுவிட்டார். அப்பா அதைத் தோல்வி என்று சொன்னதில்லை. "நல்ல காபியா இருந்திருக்கும்" என்பார். திரும்பி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, லாரியில் ஏறி, ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். எங்கள் சபையில் சம்பளத்துக்குப் பாதிரியார் கிடையாது. பிஷப் உட்பட எல்லாருக்கும் வேறு பிழைப்பு உண்டு. எங்கள் பிஷப் கார்ட் ப்ளாக்கட் வான்கோழி வளர்க்கிறார். பள்ளிக்கூடம் எனக்குப் பாதியோடு சரி என்பதால், அந்தக் கோழிகளை லாரியில் ஏற்றுகிற வேலை எனக்கு.

அப்பாவின் படிப்பு ஒரு கல்லில் ஆரம்பித்தது. சபையின் சொந்தப் பத்திரிகையிலேயே படம் போட்டிருந்தார்கள். பழுப்பு நிறம், முட்டை அளவு. எங்கள் சபையை ஆரம்பித்த முதல் தீர்க்கதரிசி அந்தக் கல்லைத் தொப்பிக்குள் போட்டு, முகத்தைத் தொப்பிக்குள் புதைத்துக்கொண்டு, வேதத்தை வரி வரியாகச் சொன்னார் என்று எழுதியிருந்தது. ஃபின்லாந்து முழுக்க அப்பா கதவு கதவாகக் காட்டிய படத்தில் அவர் வேதம் பொறித்த தங்கத் தகட்டின் மேல் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருப்பார். தொப்பியே இருக்காது.

"வரைஞ்சவனுக்குத் தொப்பி வரைய வராதா?" என்று அப்பா சாப்பாட்டு மேஜையில் கேட்டார்.

"கடவுள் தொப்பிக்குள்ள பேசக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?" என்றார் அம்மா.

"பேசட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல. எரியிற முள்ளுச் செடியிலயே பேசினவரு. தொப்பியை ஏன் மறைக்கணும்னுதான் கேக்கறேன்."

அவர் நம்பிக்கை அதில் ஆடவில்லை. ஊரில் யாரும் இதைப் புரிந்துகொள்ளவில்லை என்பதால் சொல்கிறேன். அப்பா நம்பிக்கையை விடுவதற்காகப் படித்தவர் இல்லை. கட்டின வீட்டின் அஸ்திவாரத்தைப் பார்க்க டார்ச்சோடு கீழே இறங்குகிறவர் மாதிரி படித்தார். அங்கேயே மேலும் மேலும் இறங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

ஒரு நாள் முதல் தீர்க்கதரிசியின் மனைவிமார் பட்டியலுக்கு வந்து சேர்ந்தார். அதில் ஒரு பெண்ணுக்குப் பதினாலு வயது, பதினைந்துக்குச் சில மாதம் குறைவு. அந்த வருஷம் அவருடைய சின்ன மகளான எனக்கும் பதினாலு. நான் எதிரே உட்கார்ந்து சோளக் கதிரைப் பல்லால் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். முகமெல்லாம் வெண்ணெய். அப்பா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. உப்பு வேணுமா?"

உப்பு என் பக்கத்தில்தான் இருந்தது.

பால் கதைக்கு வருகிறேன். எங்களில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். எங்கள் சபை மிசூரியில் இருந்த காலத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து பாலாடைக்கட்டி செய்ய ஒப்பந்தம் போட்டார்கள். இன்றைக்கு உன் வீட்டுப் பால் என்னிடம், நாளைக்கு என் வீட்டுப் பால் உன்னிடம், கடைசிப் பாலோடு சேர்த்து. கடைசிப் பால் என்றால் கறந்து முடித்தபின் மடியை உருவி உருவி எடுப்பது. கொழுப்பெல்லாம் அதில்தான். தாமஸ் மார்ஷ் என்ற பெரிய அப்போஸ்தலரின் மனைவி அந்தக் கடைசிப் பாலைக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டாள். விஷயம் பஞ்சாயத்துக்குப் போனது, மேல் பஞ்சாயத்துக்குப் போனது, தீர்க்கதரிசி வரை போனது. எல்லா இடத்திலும் மனைவி செய்தது தப்பு என்றே தீர்ப்பு. மார்ஷுக்குக் கோபம் வந்தது. சபையை விட்டுப் போய், எதிரிகளிடம் எங்களுக்கு விரோதமாக ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆகவே பிள்ளைகளே, சின்ன விஷயத்துக்குக் கோபித்துக்கொண்டால் நரகம்.

எங்கள் ஊரில் யாராவது முறைத்துக்கொண்டு சபைக்கு வராமல் இருந்தால் "பால் குறைஞ்சிடுச்சு போல" என்பார்கள்.

ஜூன் மாதம் அந்தப் பாடம் அப்பாவின் வகுப்புக்கு வந்தது. பிஷப்பின் மனைவி சிஸ்டர் லரூ முன்வரிசையில் இருந்தார். கதையை அவரே சொல்லி முடித்தார். "ஒரு சொம்புப் பாலுக்குப் பரலோகத்தை வித்த மனுஷன்" என்று தலையை ஆட்டினார்.

"அந்தக் கதையை முதல்ல மேடையில சொன்னதே பதினெட்டு வருஷம் கழிச்சு, சிஸ்டர் லரூ," என்றார் அப்பா. "அப்ப அவரு பதில் சொல்ல இங்க இல்ல. சபையை விட்டு வெளியேறின அந்த வருஷமே அவரு கையெழுத்துப் போட்டுச் சொன்னது இருக்கு. அதுல பாலே இல்ல."

"வேற என்ன இருக்குதாம்?"

"நம்ம ஆளுங்க மிசூரிக்காரங்க ஊருக்குப் போய் வீடு கொளுத்தினது."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. கடைசி வரிசையில் ஒரு குழந்தை பொரி தின்னுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பிரதர் ஒட்டசன், அந்த மிசூரிக்காரங்க எங்க முப்பாட்டனை மில்லுக்குள்ள வச்சுச் சுட்டாங்க," என்றார் சிஸ்டர் லரூ. "அதையும் சொல்லுவீங்களா?"

"சொல்றேன். அது நடந்தது அதுக்கு அடுத்த வாரம். அவரு போட்ட கையெழுத்தும் அதுக்கு ஒரு காரணம்னு சொல்றவங்க இருக்காங்க. இருக்கலாம். எல்லாத்தையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

சிஸ்டர் லரூ கைப்பையைத் திறந்தார், மூடினார். எதையும் எடுக்கவில்லை. அந்த அம்மாள் நல்லவர். எனக்கு அம்மை போட்டபோது தினமும் சூப் கொண்டுவந்தவர். அவர் கைப்பையோடு அப்படித் தடுமாறினதை நான் பார்த்திருக்கக் கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிஷப் மேடையில் எழுந்தார். பொறுப்பிலிருந்து ஒருவரை எடுக்கும்போது எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. "பிரதர் ஒட்டசனை வேதபாட ஆசிரியர் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறோம். அவருடைய ஊழியத்துக்கு நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் கையை உயர்த்திக் காட்டலாம்." சபை முழுக்க வலது கை தூக்கியது. சிஸ்டர் லரூவும் தூக்கினார். நான் இரண்டு கையையும் தூக்கினேன், அம்மா ஒன்றைப் பிடித்துக் கீழே இறக்கினார். பக்கத்தில் பார்த்தால், அப்பாவும் கையைத் தூக்கியிருந்தார். முப்பது வருஷப் பழக்கம். தனக்குத் தானே நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தபோது எல்லாரும் இறக்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் சொன்னார்: "அந்த மார்ஷ் கடைசியில திரும்பி வந்தாரு, தெரியுமா? கிழவனா, உடம்பு நடுங்கிக்கிட்டு, கையில ஒண்ணும் இல்லாம. கூட்டத்துக்கு முன்னால நிக்க வச்சு, இவரைச் சேர்த்துக்கலாமான்னு கேட்டாங்க. எல்லாரும் கை தூக்கினாங்க."

"பாலைப் பத்திச் சொன்னாரா?"

"இல்ல. பொறாமையில போனேன்னு சொன்னாரு."

"வீடு எரிஞ்சது?"

"நான் படிச்ச வரைக்கும் இல்ல." கொஞ்ச தூரம் ஓட்டினார். "உள்ள வரணுமே."

அந்த வாரம் நான் ஒரு சொம்பு அளவுக் கிரீம் அட்டைப்பெட்டி வாங்கி, 'இது சிஸ்டர் மார்ஷுடையது, தயவுசெய்து தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டி, சபைச் சமையலறை ஃபிரிட்ஜில் வைத்தேன். யார் வேலை என்று எல்லாருக்கும் தெரியும். அதை எடுத்துப் போட்டால் சிரித்த மாதிரி ஆகுமா, கோபித்த மாதிரி ஆகுமா என்று பெண்களுக்குத் தெரியவில்லை. இரண்டுமே பால் கதையில் தப்பு. ஆகவே அது அங்கேயே இருந்தது.

ஆகஸ்டில் கல்யாணம். எங்கள் கல்யாணம் மலைமேல் இருக்கிற ஆலயத்துக்குள் நடக்கும். ஒழுங்காக இருக்கிறார் என்று பிஷப் கொடுக்கிற சீட்டு இருக்கிறவர்களுக்குத்தான் உள்ளே அனுமதி. வெளியே ஒரு சாதாரணக் கல்யாணம் செய்துகொண்டால் ஆலயத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வீடு ஐடஹோ. அங்கே பெண் ஒரு வருஷம் காத்திருக்கிறாள் என்றால் பெண்ணிடம் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அப்பாவின் சீட்டு ஜூலையோடு முடிந்தது. புதுச் சீட்டுக்குப் பிஷப்பிடம் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரே கேள்விகள். ஆமாம், ஆமாம், இல்லை, ஆமாம். பல் மருத்துவரிடம் போவதைவிடச் சீக்கிரம் முடியும்.

அப்பா ஒரு மணி நேரம் கழித்து வந்தார். சீட்டு இல்லை.

"என்ன ஆச்சு?" என்றார் அம்மா.

"சபைக்கு எதிரா இருக்கிற யாரோடயாவது ஒத்துப்போறியான்னு கேட்டான். ஒருத்தரோடன்னு சொன்னேன். யாருன்னான். தாமஸ் மார்ஷ்னேன்."

அம்மா உட்கார்ந்துவிட்டார்.

"அவரு செத்து நூத்தம்பது வருஷம் ஆச்சேன்னான். செத்தவங்க கணக்குல வர மாட்டாங்கன்னு கேள்வியில இல்லையேன்னேன். கையேட்டை எடுத்துப் பார்த்தான். அதுலயும் இல்ல."

வேறு எந்த மதத்திலாவது இது சிக்கலாகியிருக்காது. எங்களிடம் செத்தவர்கள்தான் முக்கியமான ஆட்கள். அவர்களுக்காக ஞானஸ்நானம் எடுக்கிறோம், அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கிறோம். அவர்களோடு ஒத்துப்போவது மட்டும் கணக்கில் வராது என்று எந்தப் பிஷப்பால் சொல்ல முடியும்?

"செத்தவன்கிட்ட காட்டுற விசுவாசத்தைக் கொஞ்சம் பெத்த பொண்ணுகிட்டயும் காட்டுங்க," என்றார் அம்மா. குரல் உயரவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினார்.

அக்கா ஹாலில் மேஜை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு அந்த ஆளு யாருன்னே தெரியாதுப்பா," என்றாள். "நல்லவரா இருக்கட்டும். நீங்க சொல்றதெல்லாம் நிஜமாவே இருக்கட்டும். நான் முழங்கால் போடும்போது நிமிர்ந்து பார்த்தா நீங்க அந்த ரூம்ல இருக்கணும். அவ்வளவுதான்."

அப்பா விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடிக்க உதவினார். நாலு மூலையும் சரியாக வரும்வரை இருவரும் பிரித்துப் பிரித்து மடித்தார்கள்.

அடுத்த வாரம் குஞ்சுக் கொட்டகைத் தொட்டிக்குக் கேஸ் நிரப்ப அப்பா பிஷப்பின் பண்ணைக்கு வந்தார். நான் அங்கே கூண்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். பிஷப் ரப்பர் பூட்ஸோடு, முழங்கால்வரை அசுத்தத்தோடு வந்து லாரிமேல் சாய்ந்தார். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்தே வளர்ந்தவர்கள்.

"டேய் தெயின். 'இல்ல'. மூணு எழுத்து. சொன்னா கையெழுத்துப் போட்டுடறேன். இங்கயே போடறேன், பேனா இருக்கு."

"நேர்மையா நடக்கிறியான்னு அஞ்சாறு கேள்வி தள்ளி ஒண்ணு இருக்கே, அதுக்கு?"

"அதுக்கு 'ஆமா'."

"ரெண்டும் சேர்ந்து வராது கார்ட்."

"உன்னை யாருடா அந்தப் பாழாப்போனதைப் படிக்கச் சொன்னது? குழாயை மாட்டிட்டு எல்லாரையும் போல பேஸ்பால் பாரேன்."

"பார்த்தேன். போர் அடிச்சது."

"லரூ ரெண்டு ராத்திரி தூங்கல."

அப்பா குழாயைப் பார்த்தார். "அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். சொன்னதுக்கு இல்ல, சொன்ன விதத்துக்கு. அவங்க முப்பாட்டனை முதல்ல சொல்லியிருக்கணும்."

"தெரியும். சொன்னா."

நான் கூண்டைக் கீழே வைத்தேன். "பிஷப், இவர்கிட்ட ஏன் கேக்கறீங்க? நல்லாப் பதில் சொல்றவங்க பக்கத்துலயே இருக்காங்களே." அடுத்த கொட்டகையில் விற்பனைக்குத் தயாரான சேவல்கள். வான்கோழிச் சேவல் எந்தச் சத்தம் கேட்டாலும் மொத்தமாக ஒரே குரலில் பதில் கொடுக்கும். நான் அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினேன்: "வீட்டைக் கொளுத்தினது சரியா?"

கொட்டகை முழுக்க ஒரே குரலில் ஆமோதித்தது.

"பால்தான் காரணமா?"

மறுபடி ஆமோதித்தது.

"லிண்டி, உனக்குச் சீட்டு வேணும்னு ஒரு நாள் என்கிட்டதான் வரணும்," என்றார் பிஷப்.

அப்பாவின் உதடு ஒரு பக்கம் போனது. சிரிப்பு வரை போகவில்லை. தொட்டி நிரம்பியது. குழாயைக் கழற்றிச் சுற்றினார். மெதுவாகச் சுற்றினார், ஒவ்வொரு வளையமும் முந்தின வளையத்தின்மேல் சரியாக உட்காரும்படி.

"ஞாயித்துக்கிழமை வர்றேன் கார்ட். திரும்பக் கேளு."

ஞாயிற்றுக்கிழமை போனார். பத்து நிமிஷத்தில் வந்தார். அதற்கு மேலே இன்னொருவர் கேட்க வேண்டும், பல சபைகளுக்குத் தலைவர், ஊரில் வக்கீல். அவரிடமும் போனார். அங்கே இன்னும் சீக்கிரம். சீட்டை பர்சில் வைத்தார். என்ன சொன்னீர்கள் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அம்மா அன்று இறைச்சி வறுத்தார். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றோம். நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று நான் வெளியே. என் வயதுக்கும் என் பெயருக்கும் சீட்டு கிடையாது. ஆலயத்துக்குக் கீழே சரிவில் புல், ஐடஹோவிலிருந்து வந்த சின்னப் பிள்ளைகளை உருண்டு விளையாட விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணத் துணியெல்லாம் பச்சைக் கறை ஆனது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பது ஐடஹோவுக்கு இன்னும் தெரியாது.

மற்றவர்களுக்கு முன்னால் அப்பா தனியாக வெளியே வந்தார். என் பக்கத்தில் வந்து கோட்டோடு புல்லில் உட்கார்ந்தார்.

"நிமிர்ந்து பார்த்தாளா?"

"பார்த்தா."

"அழுதீங்களா?"

"அழணும்னுதான் இருந்துச்சு. வரல." வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கீழே ஊரைப் பார்த்தார். ஊர் முழுக்க அவர் கேஸ் ஊற்றுகிற தொட்டிகள் வெள்ளை மாத்திரை மாதிரி தெரிந்தன. "அழகாத்தான் இருந்துச்சு. உண்மையாவும் இருந்துச்சு. பக்கத்து ரூம்ல யாருக்கோ நடக்கிற மாதிரி இருந்துச்சு."

நான் புல்லைப் பிடுங்கி அவர் ஷூமேல் போட்டேன்.

"'இல்ல'ன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். கார்ட் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அடுத்தவருக்கு என்னைத் தெரியாது, 'நல்லது'ன்னார்." ஷூவிலிருந்த புல்லை அவர் தட்டிவிடவில்லை. "பால் எல்லாத்தையும் கொடுத்துட்டேன் லிண்டி. கடைசிப் பாலை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டேன்."

"அது கெட்டுப் போயிடும்ப்பா."

"போயிடும்."

கதவு திறந்தது. அக்காவும் மாப்பிள்ளையும் வெளியே வந்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அப்பா எழுந்து புகைப்படத்துக்கு எங்கே நிற்கச் சொன்னார்களோ அங்கே போய் நின்றார். எல்லாப் படத்திலும் நேராக நிற்கிறார்.

சாயங்காலம் சபைக் கூடத்தில் விருந்து. பாஸ்கெட்பால் வளையத்தில் வலைத்துணி சுற்றிப் பூ கட்டியிருந்தார்கள். பன்றி இறைச்சி வைத்த பன், சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, கேரட் மிதக்கிற பச்சை ஜெல்லி. சிஸ்டர் லரூ ஏப்ரன் கட்டிக்கொண்டு சமையலறை முழுவதையும் தானே நடத்தினார். அப்பாவின் தட்டில் கேட்காமலே இரண்டாவது கரண்டி உருளைக்கிழங்கை வைத்தார். "சாப்பிடுங்க பிரதர் ஒட்டசன், ஒல்லியாயிட்டீங்க." அப்பா நன்றி சொன்னார். அவர்களுக்குள் அதுதான் சமாதானம், நல்ல சமாதானம்தான்.

பழரசத்துக்கு ஐஸ் தீர்ந்தது. அப்பாவை எடுத்து வரச் சொன்னார்கள். நான் பின்னாலேயே போனேன், தின்ன ஏதாவது கிடைக்கும் என்று.

ஃபிரிட்ஜைத் திறந்தார். என் கிரீம் பெட்டி இன்னும் இருந்தது. வயிறு ஊதி, மூலையெல்லாம் உருண்டு, குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஜெல்லித் தட்டுகளுக்கு இடம் பண்ண யாரோ அதை ஓரமாக நகர்த்தியிருந்தார்கள். நகர்த்தினார்கள், எடுத்துப் போடவில்லை. எழுதின பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

தூக்கிப் போடப்போகிறார் என்று நினைத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றேன்.

அப்பா அதை இரண்டு விரலால் பிடித்து, வெடித்துவிடாமல் மெதுவாக, எழுத்து வெளியே தெரியும்படி திருப்பி வைத்தார். கதவைச் சாத்தினார். பிறகு மேல்பெட்டியிலிருந்து ஐஸ் பையை எடுத்து என் தலையில் வைத்துவிட்டு, "தூக்கிட்டு வா, அக்கா கல்யாணத்துல ஒரு வேலையாவது செய்" என்றார்.